எலெக்ட்ரிக் ஏணையும் அந்த பீப் சத்தமும்

போன வாரம் பட்டர்வொர்த்துல இருக்குற தோழி வாட்ஸ்அப்ல கேட்டா, "ஏண்டி, நீ வச்சிருக்கியே அந்த எலெக்ட்ரிக் ஏணை, இப்ப ஆஃபர்ல 190 வெள்ளிதான் போடுறான், வாங்கட்டுமா"ன்னு. நான் வாங்குனப்ப 280 வெள்ளி. அந்த வயித்தெரிச்சலோடதான் இத எழுதுறேன், முதல்லயே சொல்லிடுறேன்.

புள்ளய தானா ஆட்டித் தூங்க வைக்கிற தொட்டில்தான் இது. கைலி, ஸ்பிரிங், மேல ஒரு மோட்டர், அவ்ளோதான் மெஷின். கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃபிளாட்டுல பாதி வீட்டுல தொங்குது. வேலை செய்யுதான்னு கேட்டா செய்யுது, பொய் சொல்லக் கூடாது. பையனுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பது வரைக்கும் அழுகைதான், அம்மா பாடுவாங்க, வீட்டுக்காரர் தோள்ல போட்டுகிட்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார், ஒண்ணும் எடுபடாது. இதுல போட்டா அஞ்சு நிமிஷம். முத நாள் அவன் தூங்கினதும் மீ கோரெங்க சூடா உக்காந்து தின்னேன் பாருங்க, அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு.

ஆனா பீப். ஸ்பீட் கூட்டுனா பீப், குறைச்சா பீப், நிறுத்துனா கொஞ்சம் நீளமா பீஈஈப். அத அமுக்கி வைக்க ஒரு பட்டனும் கிடையாது. புள்ள தூங்குறதுக்குன்னே செஞ்ச சாமான்ல இத வச்ச புண்ணியவான் வீட்டுல குழந்தையே இல்லன்னு நினைக்கிறேன். டேப் ஒட்டிப் பாத்தேன், பஞ்சு அடைச்சுப் பாத்தேன், ம்ஹூம்.

அப்படியே ஆட விட்டுட்டு நீயும் தூங்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க, அம்மாவும் அதான் கேட்டாங்க, "நீங்க நாலு பேரும் ஏணையில வளந்தவங்கதானே". ஆனா பிரசவம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பாத்த மிஸ்ஸி, அதான் நர்ஸ், கண்டிப்பா சொல்லிட்டாங்க, ராத்திரி முழுக்க அதுல போடாதீங்கன்னு. கைலிக்குள்ள ஒடம்பு வளைஞ்சு தாடை நெஞ்சுல போய் இடிக்குது, கழுத்துக்கு இன்னும் பலம் வரல, மூச்சுப் பாதை சுருங்கிடும், புள்ள சத்தமே போடாது. சமமான, அமுங்காத மெத்தையில மல்லாக்கப் படுக்க வைக்கணும், கட்டில்ல தலையணை, போல்ஸ்டர், கனமான போர்வை, பொம்மை எதுவும் கூடாது. முதல் ஆறு மாசமாவது நம்ம ரூம்லயே, ஆனா தனிக் கட்டில்ல. பேரு வைக்கிற அன்னிக்கு வந்த குட்டித் தலையணை செட்டு மூணும் அலமாரிக்குப் போச்சு, அத்தைக்கு இன்னும் கோவம். அமெரிக்காவுல 1994-ல மல்லாக்கப் படுக்க வைங்கன்னு பிரச்சாரமே நடத்தி, அப்புறம் தூக்கத்துல திடீர்னு குழந்தை சாகுறது பாதிக்குப் பாதி குறைஞ்சதுன்னு நானும் ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து படிச்சேன். வேற என்ன வேலை அந்த நேரத்துல.

அப்ப என்ன ஆச்சு, ஏணையில தூங்க வச்சு கட்டிலுக்கு மாத்தணும். சும்மா தூக்குனா முழிச்சிடுவான். அவன் கை துணி மாதிரி தொங்குற வரைக்கும் பக்கத்துல நிக்கணும், அப்பத்தான் ஆழ்ந்து தூங்குறான்னு அர்த்தம். அப்புறம் தூக்கி, முதல்ல பின்பக்கம், அப்புறம் முதுகு, கடைசியா தலை, நெஞ்சுல கைய வச்சு பத்து எண்ணி மெதுவா எடுக்கணும். இவ்ளோ வித்தையும் கத்துகிட்டேன். ஆனா தூக்கணும்னா மெஷின நிறுத்தணுமே. பீஈஈப். கண்ண திறந்து என்ன ஒரு பார்வை பாப்பான். மறுபடி முதல்லேர்ந்து. ஒரு வருஷம் இப்படியே ஓட்டுனேன்.

ஆட்டம் இல்லாம தூங்கத் தெரியாதுங்கிற பழக்கமும் இதாலதான் வந்துச்சு. நாலாவது மாசத்துலேர்ந்து லைட்ட அணைச்சு, பால் குடுத்து, முழிச்சிருக்கும்போதே கட்டில்ல போட்டுத் தட்டிக் குடுத்து பழக்கிப் பாத்தேன், ஒரு வாரம் நல்லா போகும், சளி பிடிச்சா மறுபடி ஏணை.

போன மாசம் மோட்டர் கடகடன்னு இழுக்க ஆரம்பிச்சிச்சு. ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு ரிப்பேர் கடை, வயசான சீன அங்கிள். கியர் தேஞ்சு போச்சு, 65 வெள்ளின்னார். நான் சும்மா பேச்சுவாக்குல இந்த பீப்ப எடுக்க முடியுமான்னு கேட்டேன். அவர் நிமிர்ந்து கூட பாக்கல, சால்டரிங் அயர்ன வச்சு ஒரு தொடு, சத்தம் போடுற அந்த பஸ்ஸர டக்குனு எடுத்து என் கையில வச்சிட்டார். காசு வேணாமாம். ரெண்டு நிமிஷ வேலைங்க. எனக்கு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

இப்ப சத்தமே இல்லாம என்னா அழகா ஓடுது தெரியுமா. ஆனா பையனுக்கு ஒன்றரை வயசு, கைலிய பிடிச்சிகிட்டு எட்டி இறங்குறான், இனிமே அதுல போடுறதே ஆபத்து. மடக்கி அலமாரி மேல வச்சாச்சு.

தோழிகிட்ட வாங்காதன்னு சொல்லிட்டேன். நல்ல கட்டிலா பாரு, கம்பிக்கு கம்பி 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது, அதுல காச போடுன்னேன். "சரி, அப்ப சும்மா கிடக்குற உன்னோடத குடு"ங்கிறா. குடுக்க மாட்டேன்னுட்டேன். ஏன்னு கேட்டா, அடுத்தது வந்தா வேணுமேன்னு வாயில வந்துருச்சு, வீட்டுக்காரர் பேப்பர கீழ இறக்கி ஒரு மாதிரி பாக்குறார். அந்த பஸ்ஸர் இன்னும் மேஜை டிராயர்ல கிடக்கு. பத்து காசு அளவு கூட இல்ல.