பாலக்காட்டு எல்லையில் மலிவு மனை: பத்திரம் பதிவாகும், வீட்டுக்கு அனுமதி வராது

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் மனை பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் மனை விலையைக் கேட்டு மலைத்து, எல்லை தாண்டினால் விலை குறைவு, பச்சை, காற்று, பேச்சும் தமிழ்தான் என்று நம்பி வருகிறவர்களிடம் நெல்வயலைத் துண்டு போட்டு விற்கிறார்கள். வாங்கியவர் கையில் முறையாகப் பதிவான ஆதாரம் (கேரளத்தில் பத்திரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) இருக்கும், கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதும் இருக்கும். பஞ்சாயத்தில் வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் மனு திரும்பி வரும்.

நடக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தரிசாகக் கிடக்கும் வயலில் ரோட்டை ஒட்டிச் செம்மண் அடித்து, கல் நட்டு, 5 சென்ட், 10 சென்ட் என்று பிரிக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்து விற்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிய வேண்டும். அதைத் தவிர்க்க, பழைய நில உடமஸ்தரே ஒவ்வொருவருக்கும் நேராக ஆதாரம் எழுதிக் கொடுக்கிறார். மனை போட்டு விளம்பரம் செய்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. பின்னால் சண்டைக்குப் போனால் பிடிக்க ஆளில்லை.

சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவானதே போதும் என்று நினைப்பதுதான் முதல் பள்ளம். வயலை விற்கவோ வாங்கவோ தடை இல்லை, அதனால் பதிவு நடந்துவிடும். முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: பத்து லட்சத்துக்குப் பதிந்தால் ஒரு லட்சம் அங்கேயே போய்விடும். தடை இருப்பது நிரப்புவதற்கும் கட்டுவதற்கும். கேரளத்தின் நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம் 2008இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் வயல்களின் சர்வே நம்பர் பட்டியல் உண்டு. டேட்டா பேங்க் என்பார்கள். அதில் இருக்கிற வயலை நிரப்பினால், பழையபடி வயலாக்கச் சொல்லிக் கலெக்டர் உத்தரவிடலாம். மண் கொட்டியவர் யாராக இருந்தாலும் அந்த நாளில் உடமஸ்தர் நீங்கள், நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். அள்ளும் செலவும் உங்கள் தலையில் விழும்.

இந்த இடத்தில் புரோக்கர்கள் சொல்லும் பதில்கள் எல்லாம் அரை உண்மைகள். அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள்.

"பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை வயலில் வீடு கட்டச் சட்டமே இடம் கொடுக்கிறது" என்பார்கள். விதி இருப்பது நிஜம்: பஞ்சாயத்தில் 4.04 ஆர், அதாவது 10 சென்ட். நகராட்சியில் 5 சென்ட். ஆனால் அது அந்த மாவட்டத்தில் வீடு கட்ட வேறு தகுந்த இடமே இல்லாத வயல்காரரின் சொந்த வீட்டுக்கு. நீரோட்டமும் பக்கத்து வயலும் கெடாது என்று உள்ளூர்க் குழு பரிந்துரைத்து, மாவட்டக் குழு ஒத்துக்கொள்ள வேண்டும். மனை வியாபாரத்துக்காக வந்த விதி இல்லை.

அடுத்தது, "ஃபார்ம் 6 போட்டால் மாறிவிடும், 25 சென்ட் வரை இலவசம்." ஃபார்ம் 6 என்பது வயல் என்ற வகையை மாற்றக் கேட்கும் மனு, அது டேட்டா பேங்கில் இல்லாத நிலத்துக்கு மட்டும். பட்டியலில் தவறாகச் சேர்ந்திருந்தால் முதலில் ஃபார்ம் 5 போட்டு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவில் நீக்க வேண்டும். சாட்டிலைட் படத்தில் 2008இல் அங்கே நெல் இருந்ததா என்று பார்ப்பார்கள். இலவசம் என்பதும் 30.12.2017 அன்றே தனித் துண்டாக இருந்த நிலத்துக்குத்தான். பெரிய வயலை அதற்குப் பிறகு துண்டாக்கியிருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை.

ஆகவே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள். கரம் ரசீதிலும் தண்டப்பேரிலும் (வில்லேஜ் ஆபீஸில் உடமஸ்தர் பெயரில் இருக்கும் நிலக் கணக்கு) வகை என்ன என்று பாருங்கள். "நிலம்" என்றிருந்தால் நெல்வயல், "புரயிடம்" என்றிருந்தால் வீட்டுமனைக்கு ஆகும். ஆதாரத்தில் புரயிடம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், வில்லேஜ் ஆபீஸ் பதிவேடுதான் கணக்கு. சர்வே நம்பரை, சப்டிவிஷனோடு, எடுத்துக்கொண்டு கிருஷி பவனுக்கு (உள்ளூர் வேளாண் அலுவலகம்) போய் டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திருப்பிப் பாருங்கள். வரப்பு தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். மலையாள ஆதாரத்தைப் புரோக்கர் கூட்டிவரும் எழுத்தரைக் கொண்டு படிக்க வைக்காமல், நீங்களே பணம் கொடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். முன்னாதாரங்களையும் (பழைய பத்திரங்கள்) பாத்யதைச் சான்றையும் (வில்லங்கச் சான்று) அவரே கேட்டு வாங்கட்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: பஞ்சாயத்தின் கட்டட அனுமதி கிடைத்த பிறகே மீதிப் பணம், கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும். நல்ல புரயிடம் வைத்திருப்பவர் இதற்கு மறுக்கக் காரணமே இல்லை. விற்பவர் முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

தண்ணீரும் முக்கியம். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை குறைவு. ஆளியாற்றிலிருந்து வரும் தண்ணீரை நம்பித்தான் பாசனம். ஜூலையில் போய்ப் பச்சையைப் பார்த்து முடிவு செய்யாமல் ஏப்ரலில் ஒரு தடவை போங்கள், பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். போர் தண்ணீரை லேபில் கொடுத்து ஃபுளோரைடு பாருங்கள்: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது.

ஏற்கெனவே வாங்கிச் சிக்கியவர்கள் மேலும் மண் அடிக்கவோ அஸ்திவாரம் தோண்டவோ வேண்டாம், அது உங்கள் மேலேயே வழக்காகும். விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மனை போட்டு விளம்பரம் செய்த புரோமோட்டரை விற்பனையோடு இணைக்கும் சாட்சி அவைதான். மனையை ரெராவில் பதியாமல் விற்றதற்கு அங்கே புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 ஆண்டுக் கெடு உண்டு, "அடுத்த மாசம் சரி பண்ணித் தர்றேன்" என்ற பேச்சில் அதைக் கழித்துவிடாதீர்கள்.