டூரிங் பைக் ஸ்பீக்கர்: 38,500 ரூபாய் போச்சு, உஷார்!

ஹார்லி ஸ்ட்ரீட் க்ளைடு மாதிரி நெடுந்தூர டூரிங் வண்டிக்கு ஸ்பீக்கர் மாத்தப் போறவங்க இதப் படிச்சுட்டுப் போங்க. முன்பக்கக் கவசமான ஃபேரிங்ல ரெண்டு, சைடு பெட்டி மூடியில ரெண்டு, சத்தத்தைப் பெருக்கற டூ சேனல் ஆம்ப், ஒயரிங், கூலி எல்லாம் சேர்த்து 38,500. கடை, பைக் ஆக்சஸரீஸ் மட்டுமே விக்கிற பெரிய கடை.

நம்ப வெச்சது டெமோ. கடைக்காரர் போர்டுல மாட்டியிருந்த ஜோடிய அலறவிட்டு, "சார், 400 வாட்ஸ், 2 ஓம், டூரிங் வண்டிக்குன்னே வந்தது, மழையில நின்னாலும் ஒண்ணும் ஆகாது"ன்னார். போர்டுல கேட்டது வேற, வண்டியில ஏறினது வேற. 400ங்கிறது பீக், அதாவது கண நேர உச்சம். காந்தத்துக்குப் பின்னாடி பொடி எழுத்துல ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கற பவர், வெறும் 60. அதிர்ந்து சத்தம் எழுப்பற கோன் வெறும் பேப்பர், ஒரு மழையில ஊறி விளிம்பு பிரிஞ்சிருச்சு.

அதைவிடக் கொடுமை ஒயரிங். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு 2 ஓம் ஸ்பீக்கர ஒரே சேனல்ல பேரலலா இணைச்சா லோடு 1 ஓம். ஓம்ங்கிறது மின்தடை, அது குறைஞ்சா ஆம்ப்லேர்ந்து இழுக்கற கரண்ட் கூடும். அந்த ஆம்ப் தாங்கறது குறைஞ்சபட்சம் 2 ஓம். கொதிச்சு, தன்னைக் காப்பாத்திக்க அதுவே அணையற ப்ரொடெக்ட்ல விழுந்து, பாட்டு பாதியில கட். அடி பேஸைத் தடுக்கற ஹை-பாஸ் ஃபில்டரையும் ஆன் பண்ணல. 6.5 இஞ்ச் கோனுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ முழு பேஸும் போனா எகிறி அடிக்காம என்ன செய்யும்? கோனை ஆட்டற கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கருகிருச்சு. பவர் ஒயரச் சுரண்டினா உள்ள வெள்ளை: முழுச் செம்பு இல்ல, அலுமினியத்து மேல செம்புப் பூச்சு!

போய்க் கேட்டா, "வாட்டர் வாஷ் விட்டிருப்பீங்க." அப்புறம் "உங்க ரேடியோல கோளாறு." அப்புறம் "டிஸ்ட்ரிபியூட்டர் ஊர்ல இல்ல." இப்ப வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும். 38,500 ரூபாய்க்கு ஜிஎஸ்டி பில்கூட இல்ல, வெறும் எஸ்டிமேட் சீட்டு.

அவசரத்துக்கு இதையாவது பாருங்க. ஆர்எம்எஸ், ஓம், மாடல் நம்பர் மூணும் பில்லுல எழுதி வாங்குங்க. மாட்டும்முன்ன மல்டிமீட்டர் வெச்சா 2 ஓம் ஸ்பீக்கர் 1.6லேர்ந்து 1.9 வரை காட்டணும். சென்சிட்டிவிட்டி, அதாவது அதே பவருக்கு எவ்ளோ சத்தம் வரும்னு கேளுங்க, 3 டெசிபல் கூடினா பாதி பவர்லயே அதே சத்தம், காத்து இரைச்சல்ல வாட்ஸைவிட இதுதான் காப்பாத்தும். மெயின் ஃபியூஸ் பேட்டரிலேர்ந்து 18 இஞ்சுக்குள்ள இருக்கணும். இங்க அதுவும் சீட்டுக்கடியில எங்கேயோ கிடந்துச்சு. பில் தரலேன்னா காசு குடுக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் போட்டாச்சு, 38,500ஐ விடறதா இல்ல.