தமிழ்ப் பாடநூலும் நான்-டீடெய்லும்

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் உயர்நிலைப் பள்ளி படித்தவர்களுக்குத் தமிழுக்கு இரண்டு புத்தகங்கள் நினைவிருக்கும். ஒன்று தடிமனான பாடநூல். இன்னொன்று, எல்லோரும் ‘நான்-டீடெய்ல்’ என்றே சொன்ன ஒல்லியான துணைப்பாடம்.

பாடநூலைத் திறந்தால் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்ற வரி, தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம்தான் பாடம். மனப்பாடப் பகுதியை அடி பிறழாமல் எழுத வேண்டும். பாட்டுக்குக் கீழே அருஞ்சொற்பொருள். வரிகளுக்கு நடுவே ஆசிரியர் பதம் பிரித்துச் சொன்னதைப் பென்சிலில் பொடியாக எழுதி வைத்திருப்போம். அன்று அது பெரிய சுமைதான். ஆனால் இன்றும் அரசுப் பேருந்தில் ஒரு குறளின் முதல் சீரைப் பார்த்ததும் மற்ற ஆறும் தானாக வாயில் வருகின்றன. அது பாடநூல் சேர்த்துக் கொடுத்த சொத்து.

துணைப்பாடத்தில் கதை மட்டும்தான். ஜூனில் கைக்கு வந்த அன்றே, பழுப்பு அட்டை போடுவதற்கு முன்பே, முழுவதையும் படித்துவிடுவோம். வகுப்பில் ஒருவர் எழுந்து உரக்க வாசிக்க, மற்றவர்கள் வரியில் விரல் வைத்துத் தொடர்வோம். வாசிப்பவர் ஒரு வரியைத் தாண்டினால் உடனே நாலு குரல் எழும். தேர்வில் கதையைச் சொந்த நடையில் சுருக்கி எழுதினால் போதும். எனக்கு எழுத வந்ததே அந்தச் சுருக்கங்களால்தான்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் துணைப்பாடத்தையே சொல்வேன். 2018-க்குப் பிறகு வந்த பாடநூல்களில் கதைகள் ‘விரிவானம்’ என்ற பெயரில் உள்ளேயே இருக்கின்றன. நல்ல கதைகள்தான். ஆனாலும் கதைக்கென்று தனிப் புத்தகம் ஒன்று பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும்.