54 நிமிடக் கதையும் அதற்குப் பிந்தைய கதைகளும்: பள்ளித் துப்பாக்கிச் சூட்டைப் பேசும் ஐந்து இளையோர் நாவல்கள்

கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே அதன் நிழலில் இளையோர் நாவல்கள் வரத் தொடங்கின. இன்றைக்கு அமெரிக்க நூலகங்களில் பதின்ம வயதினர் பகுதிக்குப் போனால் இந்த ஒரு விஷயத்துக்கே தனித் தட்டு ஒதுக்கலாம் போல, அத்தனை புத்தகங்கள். அங்கே வளரும் பிள்ளைகள், நம் வீட்டுப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் ஒளிந்துகொள்வதற்கான ஒத்திகையை, லாக்டவுன் டிரிலை, சின்ன வகுப்பிலிருந்தே செய்து பழகியவர்கள். விளக்கை அணை, கதவுக்கு எதிரே நிற்காதே, மூச்சுக் காட்டாதே. அவர்களைப் பார்த்து "இதையெல்லாம் படிக்கலாமா?" என்று கேட்பதில் பொருளில்லை. எதைப் படிக்கலாம் என்றுதான் பேச வேண்டும்.

ஐந்து நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். டாட் ஸ்ட்ராசரின் 'கிவ் எ பாய் எ கன்' (2000), ஜெனிஃபர் பிரவுனின் 'ஹேட் லிஸ்ட்' (2009), மரீகே நெய்காம்ப் எழுதிய 'திஸ் இஸ் வேர் இட் எண்ட்ஸ்' (2016), கோடி கெப்லிங்கரின் 'தட்ஸ் நாட் வாட் ஹேப்பண்ட்' (2018), எரின் போவின் 'சைமன் சார்ட் ஆஃப் செஸ்' (2023). கதை முடிச்சுகள் சில இங்கே அவிழும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் பெரும்பாலும் எத்தனை சாவு, எவ்வளவு ரத்தம் என்று பார்த்துத்தான் இவற்றைத் தரம் பிரிக்கிறார்கள். எனக்கு அது சரியான அளவுகோலாகத் தெரியவில்லை. முதல் தோட்டாவுக்கு முன்னால் கதை நிற்கிறதா, நடுவிலா, பின்னாலா? வித்தியாசமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நடுவில் நிற்பது நெய்காம்ப்பின் நாவல். அலபாமாவில் ஒரு கற்பனைப் பள்ளி. காலை 10 மணிக்கு முதல்வரின் உரை முடிகிறது. 10:03-க்கு அரங்கத்தின் கதவுகள் திறக்க மறுக்கின்றன. 10:05-க்கு ஒருவன் சுடத் தொடங்குகிறான். மொத்தக் கதையும் 54 நிமிடம். நான்கு மாணவர்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள், அவர்களில் ஒருத்தி சுடுபவனின் தங்கை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் நேரம். கீழே வைக்க முடியாது, ஒரே மூச்சில் படித்துவிடுவோம். என் குறையும் அதுதான். அடுத்து யார் விழுவார்கள் என்ற பதைப்பில் பக்கம் புரளும்போது, நாம் துக்கப்படுகிறோமா, சஸ்பென்ஸை ரசிக்கிறோமா என்றே பிடிபடுவதில்லை. சுடுகிற டைலருக்கு எந்தக் குரலும் கிடையாது. அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கலாம். ஆனால் பிறர் நினைவில் வருகிற டைலராவது முழு ஆளாக வந்திருக்க வேண்டும். வெறும் வில்லனாகத்தான் வருகிறான். அவனுடைய தங்கை அவனுக்கு அஞ்சுகிற இடங்களும், அவளும் அவள் காதலியும் ஒருவரையொருவர் தேடுகிற இடங்களும் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

ஸ்ட்ராசர் முன்னால் போய் நிற்கிறார். பள்ளி நடன நிகழ்ச்சியில் சக மாணவர்களைப் பிணையாகப் பிடித்த இரண்டு பையன்களைப் பற்றி நண்பர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், அக்கம்பக்கத்தார் எல்லாரும் துண்டு துண்டாகப் பேசுகிறார்கள். பக்கங்களின் அடியில் துப்பாக்கிகள் குறித்த உண்மையான புள்ளிவிவரங்கள் ஓடுகின்றன. அந்த நாளில் அது துணிச்சலான உத்திதான். இப்போது படித்தால் வகுப்பில் விவாதம் நடத்தவென்றே எழுதிய புத்தகம் போலத் தோன்றுகிறது. விளையாட்டு வீரர்கள் சீண்டினார்கள், பள்ளி கண்டுகொள்ளவில்லை, துப்பாக்கி எளிதாகக் கிடைத்தது, ஆகவே சுட்டார்கள் என்று ஒரு நேர்க்கோடு அதில் இருக்கிறது.

அந்தக் கோடு அவ்வளவு நேராக இருக்க முடியாது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. தாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் வரை சீண்டலுக்கு ஆளானவர்கள் என்பது உண்மை. ஆனால் இன்ன மாதிரி பையன்தான் சுடுவான் என்று சொல்லும்படி பொதுவான அடையாளம் எதுவும் அகப்படவில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட சம்பவங்களில் துப்பாக்கி வந்தது சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான். இன்னொன்றும் அதில் இருந்தது. ஐந்தில் நான்கு சம்பவங்களில், திட்டமோ எண்ணமோ வேறு யாராவது ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் நண்பர், உடன் படிப்பவர், கூடப் பிறந்தவர்.

'ஹேட் லிஸ்ட்' அப்படிப்பட்ட ஒருத்தியின் கதை. வேலரியும் அவள் காதலன் நிக்கும் ஒரு நோட்டில் தங்களுக்குப் பிடிக்காதவர்களின் பெயர்களை எழுதி வருகிறார்கள். அவளுக்கு அது மனப்புழுக்கத்தைக் கொட்டுகிற இடம், அவ்வளவே. ஒரு காலையில் பள்ளி உணவுக்கூடத்தில் நிக் அதே பட்டியலை வைத்துச் சுடுகிறான். தடுக்கப் போகும் வேலரியின் காலில் குண்டு பாய்கிறது. அவள் குறுக்கே வந்ததால் பிழைப்பவள், அவளை ஓயாமல் கேலி செய்த ஜெசிக்கா. நிக் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். நாவல் தொடங்குவது இதற்கெல்லாம் சில மாதங்கள் கழித்து, கோடை விடுமுறை முடிந்து அவள் அதே பள்ளிக்குத் திரும்பிப் போகிற காலையில்.

இந்த ஐந்தில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். நிக்கை அவள் நேசித்தாள், இன்னமும் நேசிக்கிறாள், அதை யாரிடமும் சொல்ல வழியில்லை. செத்தவர்களுக்காக அழ ஊரே இருக்கிறது. கொன்றுவிட்டுச் செத்தவனுக்காக அழ அவளுக்கு அனுமதி கிடையாது. ஷேக்ஸ்பியரைப் படித்த நிக்கையும் துப்பாக்கி தூக்கிய நிக்கையும் பொருத்திப் பார்க்க அவளால் முடியவில்லை. ஜெனிஃபர் பிரவுனும் பொருத்திக் கொடுப்பதில்லை. நடுநடுவே உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகள் வருகின்றன. மாணவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள், பள்ளி காயம் ஆறி எழுந்துவிட்டது என்று அவை எழுதும். அடுத்த பக்கத்தில் நடைபாதையில் நிஜம் வேறாக இருக்கும். பெற்ற தாய்கூட மகள் இன்னொரு தடவை ஏதாவது செய்துவிடுவாளோ என்று பயப்படுகிறாள். அந்தப் பயம்தான் புத்தகத்தின் கனமான பகுதி. கடைசிப் பகுதியில் சமாதானம் சற்றுச் சுலபமாகக் கைகூடுகிறது, மனநல மருத்துவரும் கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவர். இருக்கட்டும், முந்தைய முந்நூறு பக்கத்துக்காக மன்னித்துவிடலாம்.

கெப்லிங்கர் இன்னும் தள்ளி, மூன்று ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறார். பள்ளிக் கழிப்பறையில் லீ என்ற பெண்ணின் உயிர்த்தோழி சாரா கொல்லப்பட்டாள். சிலுவைச் சங்கிலி அணிந்திருந்த சாரா, சுட வந்தவனிடம் தன் கடவுள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல் செத்தாள் என்று ஊர் கொண்டாடுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது கூடவே இருந்த லீக்குத் தெரியும். சங்கிலி வேறொருத்தியுடையது. அந்தப் பெண் உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள், ஊர் அவளை விரட்டியடித்தது. இப்போது சாராவின் பெற்றோர் மகளைப் பற்றிப் புத்தகம் எழுதப் போகிறார்கள். லீ என்ன செய்ய வேண்டும்?

இதன் வேர் கொலம்பைனில் இருக்கிறது. அங்கேயும் கொல்லப்பட்ட ஒரு மாணவி "கடவுளை நம்புகிறாயா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று சொல்லிச் செத்ததாகப் பரவி, அவள் தாய் எழுதிய நூலும் வெளிவந்தது. அந்த உரையாடல் குண்டடிபட்டுப் பிழைத்த இன்னொரு மாணவியோடு நடந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. தியாகிக் கதை யாருக்கு ஆறுதல், யாருக்குச் சுமை என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட இளையோர் நாவலை நான் வேறு படித்ததில்லை. சுட்டவனின் பெயரே புத்தகத்தில் கிடையாது. உயிர் பிழைத்தவர்கள் எழுதும் கடிதங்களின் நடை எல்லாம் ஒரே மாதிரி இருப்பது ஒரு பலவீனம். கேள்வியின் கூர்மை அதைத் தாங்கிக்கொள்கிறது.

எரின் போவின் கதையில் சைமனுக்கு வயது 12. அவன் வகுப்பில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பிழைத்தவன் அவன் ஒருவன்தான். அவன் குடும்பம் நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூருக்குக் குடிபெயர்கிறது. விண்வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கேட்கும் ரேடியோ தொலைநோக்கிகளுக்காக அங்கே இணையமும் கைப்பேசியும் தடை. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் பகுதியில் இப்படியொரு ரேடியோ அமைதி வட்டாரம் 1958 முதல் உண்மையிலேயே இருக்கிறது. சைமனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. யாரும் அவன் பெயரை கூகுளில் தட்டிப் பார்க்க முடியாதே! அப்பா தேவாலயத்தில் வேலை பார்ப்பவர், அம்மா இறுதிச் சடங்கு நிலையம் நடத்துபவர். புதிய நண்பர்களோடு சேர்ந்து வேற்றுக்கிரகவாசிகளின் செய்தி வந்ததுபோல் விஞ்ஞானிகளை ஏமாற்றத் திட்டம் போடுகிறான்.

சிரிக்க வைக்கிற புத்தகம், சத்தம் போட்டே சிரிக்கலாம். துப்பாக்கிச் சூட்டுக் காட்சியை விரித்துக் காட்டுவதே இல்லை, ஆனாலும் அது எந்தப் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. தன்னை அந்தச் சம்பவத்தின் பெயரால் அல்லாமல் சைமனாகப் பார்க்கும் நாலு பேர் வேண்டும் என்பதற்கு மேல் அவன் எதையும் கேட்கவில்லை. அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி விருதில் 2024-இல் சிறப்புத் தகுதி பெற்றது.

தணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் மிக அதிகமாக அகற்றப்பட்ட புத்தகம் என்று, எழுத்துச் சுதந்திரத்துக்காகப் பாடுபடும் பென் அமெரிக்கா அமைப்பு பட்டியலின் உச்சியில் வைத்தது, ஜோடி பிகோ எழுதிய 'நைன்டீன் மினிட்ஸ்' நாவலை. அதுவும் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக் கதைதான், பெரியவர்களுக்கானது. எதிர்ப்புக்குக் காரணம் ஒரே ஒரு பக்கத்தில் வரும் வல்லுறவுக் காட்சி என்கிறார் பிகோ. சாவுகள் யாரையும் அவ்வளவாக உறுத்தவில்லை போலும். இதற்கு நேர்மாறாக, ஸ்டீபன் கிங் 1977-இல் புனைபெயரில் வெளியிட்ட, பள்ளித் துப்பாக்கிச் சூட்டையே பேசும் 'ரேஜ்' நாவலை, 1997-இல் கென்டக்கியில் சுட்ட மாணவனிடம் அதன் பிரதி இருந்தது தெரிந்ததும், தானே அச்சிலிருந்து விலக்கிக்கொண்டார். எழுதியவரே எடுத்த முடிவு என்பதால் அதை நான் மதிக்கிறேன்.

சரி, யாருக்கு எது? பத்து, பதினொரு வயதுக்கு சைமன், வேறு யோசனையே வேண்டாம். டிரில் நடந்த நாளில் தூக்கம் வராத பிள்ளைக்கும் அதுவே. பதினான்குக்கு மேல் 'ஹேட் லிஸ்ட்', ஆனால் அதில் தற்கொலை வருகிறது என்பதைக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். விவாதம் செய்யப் பிடிக்கும் பிள்ளைக்குக் கெப்லிங்கர். ஸ்ட்ராசரைப் பள்ளியில் பாடமாக வைத்தால் படிக்கட்டும், தேடிப் போய் வாங்க வேண்டாம். 54 நிமிட நாவலை உங்கள் பிள்ளை ஏற்கெனவே தோழியிடம் வாங்கி வந்திருந்தால் பிடுங்காதீர்கள், எப்படியும் ஒரே ராத்திரியில் முடித்துவிடுவாள். மறுநாள் டைலரின் தங்கை இனி அதே ஊரில் எப்படி நடமாடுவாள் என்று கேட்டுப் பாருங்கள். நெய்காம்ப் விட்டுவிட்டுப் போன கதை அது.