எரிபொருள் நின்றுபோனால் எது கைகொடுக்கும்? மூன்று யுரேனியக் கையிருப்புகள்

தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு 30 ஆண்டுகள் செறிவூட்டிய (பிளவுறும் யுரேனியம்-235-இன் பங்கை உயர்த்திய) யுரேனியம் தருவதாக 1963-இல் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. 1974-இல் பொக்ரான் சோதனை நடந்தது. 1978-இல் அமெரிக்கா தன் ஏற்றுமதிச் சட்டத்தை இறுக்கியது. அதன்பின் அமெரிக்க வரத்து நின்றுபோக, 1980களில் பிரான்ஸ், 1990களில் சீனா, 2001-இல் ரஷ்யா என்று விற்பவர் மாறிக்கொண்டே இருந்தனர். விலையோ தட்டுப்பாடோ அல்ல, அரசியலே குறுக்கே நிற்கும் இத்தகைய நெருக்கடிக்கென்று இப்போது மூன்று கையிருப்புகள் இருக்கின்றன.

முதலாவது, சர்வதேச அணுசக்தி முகமைக்கே சொந்தமானது. கஜகஸ்தானின் ஓஸ்கெமென் நகரில், உல்பா உலோகவியல் ஆலை வளாகத்தில் 2017-இல் திறந்தார்கள். 2019 அக்டோபரிலும் டிசம்பரிலும் சரக்கு வந்து நிறைந்தது. சுமார் 90 டன், 4.95 சதவீதம் வரை செறிவூட்டியது. 1000 மெகாவாட் உலை ஒன்றின் உலைக்கருவை ஒருமுறை முழுதாக நிரப்பலாம். செலவுக்கான 15 கோடி டாலரில் 5 கோடி, வாரன் பஃபெட் ஆதரவுடன் வந்த நன்கொடை. மீதி பல அரசுகள் தந்தது. முகமையின் பட்ஜெட்டிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டாவது, ரஷ்யாவின் அங்கார்ஸ்க். 2010 முதல் 120 டன், 2 முதல் 4.95 சதவீதம் வரை. சேமிப்புச் செலவு ரஷ்யாவுடையது. முகமை கேட்டால் ஏற்றுமதி அனுமதி தருவதாக ரஷ்யா முன்கூட்டியே கையெழுத்திட்டிருக்கிறது.

மூன்றாவது அமெரிக்காவுடையது. 17.4 டன் ஆயுதத்தர யுரேனியத்தை நீர்க்கச் செய்து கிடைத்ததில் சுமார் 230 டன்னை ஒதுக்கினார்கள். அளவில் இதுவே பெரியது. ஆனால் வாங்கும் நாடு அமெரிக்காவோடு அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். பயன்படுத்திய எரிபொருளை மறுசெயலாக்கம் செய்வது வரை அமெரிக்காவின் சம்மதம் வேண்டியிருக்கும். தாராப்பூர் கதை தெரிந்தவர் இதை மட்டும் நம்பிப் படுக்கமாட்டார்.

முகமையின் கையிருப்பிலிருந்து எடுக்க நிபந்தனைகள் தெளிவானவை. வழக்கமான சந்தையில் வாங்க முடியாதபடி, வணிகம் சாராத காரணத்தால் வரத்து தடைபட்டிருக்க வேண்டும். நாட்டின் எல்லா அணுசக்திப் பணிகளும் முகமையின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பொருள் திசைதிருப்பப்படவில்லை என்ற முடிவும் வேண்டும். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். அங்கார்ஸ்கும் இதே முழுக் கண்காணிப்பைக் கேட்கிறது. இந்தியாவின் எல்லா அணுசக்திப் பணிகளும் அப்படிக் கண்காணிப்பில் இல்லை. ஆகவே இந்த இரண்டு கதவும் இந்தியாவுக்கு மூடியவை. இந்தியா வேறு வழியில் போனது: உலைகளின் ஆயுள் முழுவதற்கும் சொந்தக் கையிருப்பு சேர்ப்பதற்கு, 2009-இல் முகமையுடன் செய்த கண்காணிப்பு ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே இடம் வாங்கிக்கொண்டது.

போக்குவரத்தில் முதல் இரண்டுக்கும் குறை உண்டு. கஜகஸ்தானுக்குப் பெருங்கடலைத் தொடும் கரை கிடையாது. சரக்கு ரஷ்யா அல்லது சீனா வழியாகப் போக ஏற்பாடு. இரு நாட்டோடும் முகமைக்குக் கடவு ஒப்பந்தம் உண்டு. அங்கார்ஸ்க் சரக்கு கைமாறும் இடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகம். 2022-க்குப் பிறகு அங்கே கப்பலும் காப்பீடும் பிடிப்பது எளிதல்ல.

இவையெல்லாம் இரண்டாம் பட்சம்தான். ஓஸ்கெமெனில் இருப்பது உலையில் போடும் எரிபொருள் அல்ல, யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு. '30பி' என்ற எஃகு உருளைக்குள் திடமாக இருக்கும். ஒன்றில் அதிகபட்சம் 2,277 கிலோ. உருளையைச் சூடாக்கி வாயுவாக எடுத்து, ஆக்சைடு தூளாக்கி, வில்லையாக அழுத்திச் சுட்டு, சிர்கோனியக் குழாயில் அடைத்து, அந்த உலைக்கே உரிய வடிவில் கட்டாகக் கோக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கிளம்பும் என்பதால் எந்த ஆலையிலும் இதைச் செய்துவிட முடியாது. தாராப்பூர் தாக்குப்பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகமே அதன் கட்டுகளைச் செய்தது. யுரேனியம் யாரிடமிருந்து வந்தாலும் போதும். கூடங்குளத்துக்கு வரும் அறுகோணக் கட்டுகளோ ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் முழுதாகச் செய்தவை. ஒரு உலைக்கு 163 வேண்டும்.

கட்டு செய்பவரை மாற்றுவது எவ்வளவு இழுக்கும் என்பதை உக்ரைனில் பார்க்கலாம். தெற்கு உக்ரைன் நிலையத்தின் 3-ஆம் உலையில் 2005-இல் ரஷ்யக் கட்டுகளுக்கு மாற்றாக, அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த ஆறு சோதனைக் கட்டுகள் போட்டார்கள். அடுத்து ஒரு தொகுதியாகப் போட்டதில், 2012-இல் இடைவெளித் தாங்கிகள் (குழாய்களை இடம்விட்டுப் பிடிப்பவை) சேதமடைந்திருப்பது தெரிந்தது. பக்கத்திலிருந்த ரஷ்யக் கட்டுகளோடு உரசியதுதான் சிக்கல். தாங்கியின் வடிவத்தை மாற்றி மறுபடி போடச் சில ஆண்டுகள் ஆயின. வெஸ்டிங்ஹவுஸ் கட்டுகளோடு தொடங்கிய செக் நாட்டின் டெமெலின் நிலையமும், அவை வளைந்து முறுக்கிக்கொண்டதால் ஒருகட்டத்தில் ரஷ்ய எரிபொருளுக்கு மாறியது.

ஓரிரு உலை மட்டும் வைத்திருக்கும் புதிய நாட்டுக்கு ஓஸ்கெமென்தான் என் தேர்வு. தனி ஒரு அரசின் தயவு அதற்குக் குறைவாகத்தான் வேண்டும். அதோடு, முதல் உலை ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இரண்டாவது தயாரிப்பாளரின் நாலைந்து சோதனைக் கட்டுகளைப் போட்டு உரிமம் வாங்கிவிட வேண்டும். அதைச் செய்யாத நாட்டுக்கு 90 டன் கிடைத்தாலும் 230 டன் கிடைத்தாலும், அதைக் கட்டாக்கித் தர அதே பழைய விற்பனையாளரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.