துப்பாக்கியா, நஷ்டஈடா, காவல் நாயா?

புதுச்சேரிக்குப் பக்கத்தில் பாகூரில் அறுவடை முடிந்ததும் வயலுக்கு எருவாக ஆட்டுக்கிடை போட வரும் கீதாரியிடம், அதாவது ஆட்டு மந்தைக்காரரிடம், ஓநாயைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார், அவருக்குத் தலைவலி தெருநாய்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மகன் பிரான்சில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருப்பதால் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும், ஆடு தூக்கும் ஓநாயை என்ன செய்வது என்ற அங்கத்திய சண்டையைச் சுமந்துகொண்டு வருவார். சுட்டுத் தள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

எனக்கு அது சரிப்படவில்லை. பிரான்சில் ஒழிந்தே போயிருந்த ஓநாய் 1992-ல் இத்தாலிப் பக்கமிருந்து தானாகவே மெர்காந்தூர் மலைக்கு வந்து சேர்ந்தது, இப்போது ஏறக்குறைய ஆயிரம். எத்தனை சுடலாம் என்று அரசே ஆண்டுதோறும் உச்சவரம்பு வைக்கிறது, 2024-ல் 209. ஆத்திரம் அடங்கும், சரி. ஆடு தூக்கிய ஓநாய்தான் விழுந்தது என்று யார் கண்டது? (நம் நாட்டில் அந்தப் பேச்சே கிடையாது, 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு.)

நஷ்டஈடு அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் கால்நடைகளுக்கு மேல் போகிறது. காசு வரும், ஆனால் ஆடு செத்த பிறகுதான்.

மிச்சம் காவல். பத்தூ என்று ஒரு வெள்ளை நாய், குட்டியிலிருந்தே மந்தைக்குள் வளர்வதால் ஆடுகளையே சொந்தமாக நினைக்கும், ஓநாயைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் போகாமல் குறுக்கே நின்று குரைத்தே விரட்டப் பார்க்கும். கூடவே மின்வேலி, இராக்காவலுக்கு ஆள். செலவில் 80 சதவீதம் வரை அரசு தருகிறது. குறையும் உண்டு, மலையேற வருகிறவர்களைக் கடித்து வைக்கிறது, நாலைந்து நாய்க்குத் தீனி போட முப்பது ஆடு வைத்திருப்பவனால் ஆகாது. இருந்தாலும் ஆடு சாவதற்கு முன்னால் வேலை செய்வது இது ஒன்றுதான் என்பதால் என் ஓட்டு இதற்கே. நம் கீதாரியும் வலை கட்டி, குட்டிகளைக் கூண்டில் அடைத்து, கிடையோடு கிடையாகப் படுத்து இதைத்தானே செய்கிறார்!

தாத்தாவிடம் இதைச் சொன்னேன்.

"அந்த எண்பது சதவீதத்தை உன் கீதாரிக்கு யார்டா குடுக்குறா?"

வயல்காரர் தரும் கிடைக்கூலிதான், அதுவும் போன வருஷத்துப் பாக்கி இன்னும் நிற்கிறது.