“பார்த்துச் செய்யுங்க அண்ணே”: பழைய கிட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தகப்பனாரோ மாமாவோ விட்டுச்சென்ற பழைய மின்கிட்டாரை வீட்டில் வைத்துக்கொண்டு, அதை எங்கே கொடுத்துச் சரிசெய்யலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் பினாங்கு நண்பர்கள் இதைப் படித்துவிட்டுப் பிறகு கடைப்படி ஏறும்படி கேட்டுக்கொள்கிறேன். கடையின் பெயரை நான் எழுதவில்லை. விவகாரம் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு மாடிக்கடை, நடத்துபவர் நம்மவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கிட்டார் என் தாய்மாமாவுடையது. 1969-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பட்டர்வொர்த் விமானத் தளம் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப் படையின் பொறுப்பில் இருந்தது. பணி முடிந்து ஊர் திரும்பும் வீரர்கள் கட்டில், மோட்டார் சைக்கிள் என்று கையில் இருப்பதை விற்றுவிட்டுப் போவார்கள் என்றும், அப்படிப் போன ஒருவரிடமிருந்துதான் 1976-இல் இதை வாங்கியதாகவும் மாமா சொல்வார். பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, தோட்டத்துத் தீபாவளி நிகழ்ச்சி என்று இசைக்குழுவோடு அலைந்தபோதெல்லாம் அது அவர் தோளில் கிடந்தது. ஆயுத பூசையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டு வைப்பார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப்புகளில் நடுப் பிக்கப்பின் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியில் குங்குமம் ஊறி ஒரு மூலை இளஞ்சிவப்பாகவே மாறியிருந்தது. தந்திகளை உடலில் தாங்கும் பிரிட்ஜின் திருகாணி இடுக்கில் போன குங்குமம், எந்தத் துணிக்கும் வராமல் இறுகிக் கிடந்தது. மாமா காலமான பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தார்.

எனக்கு இரண்டு குறைகள்தாம் இருந்தன. நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் முதல் ஐந்தும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தன. ஆம்ப்பில் இணைத்தால் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. கடைக்காரர் கிட்டாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெக்கும் உடலும் சேரும் இடத்தில் எஃப் எழுத்துப் பொறித்த தகட்டை விரலால் தடவினார். அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். “ஃப்ரெட் மாத்தி, அந்த சத்தத்தையும் நிறுத்திடலாம் தம்பி. அறுநூத்தம்பது வெள்ளி ஆகும், ரெண்டு வாரம்” என்றார். விலை சற்று அதிகமாகப் பட்டது. பேரம் பேசக் கூச்சமாகவும் இருந்தது. “பார்த்துச் செய்யுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். காசைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதைக் காசு என்ற சொல் வாயில் வராமல் சொல்வதற்கு நம்மிடம் இதைவிட மரியாதையான தொடர் கிடையாது. இன்னின்ன வேலை என்று நான் எழுதி வாங்கவில்லை; ரசீதும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் ஏழு வாரமாயிற்று. ஃப்ரெட் கம்பி சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஏழாம் வாரம் போய்ப் பெட்டியைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு நீல விளக்கு. கேபிள் செருகும் இடத்துக்கு மேலே, சன்பர்ஸ்ட் பூச்சின் நடுவில் துளை போட்டு, மோட்டார் சைக்கிள் பாகக் கடைகளில் தொங்கும் சிறிய எல்.இ.டி. ஒன்றைப் பதித்திருந்தார். அதை ஏற்றி அணைக்க ஒரு சுவிட்ச். அதற்கும் மரத்தில் தனித் துளை. உள்ளே 9 வோல்ட் பேட்டரி. மேடையில் இருட்டில் எடுப்பாக இருக்கும் என்று விளக்கமும் சொன்னார்.

விளக்காவது அற்ப விஷயம். ஆறு திருகாணிகளில் நின்றிருந்த பழைய பிரிட்ஜைக் காணவில்லை. அதன் இடத்தில், ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரியில் செய்த ஒரு மலிவு நகல் இரண்டு தடித்த முளைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. 1979-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பின்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கைப்பிடியை எவ்வளவு அமுக்கினாலும் சுருதி கலையாமல் இருக்கும்படி தந்திகளை இருபுறமும் பூட்டிவைப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஆறு திருகாணிகளுக்கென்று செய்த ஸ்ட்ராட்டில் அதை ஏற்ற வேண்டுமானால் உடலின் மரத்தைக் குடைய வேண்டும், தலைப்பக்கம் தந்திகள் படியும் நட் இருக்கும் இடத்தில் நெக்கையும் சீவ வேண்டும். ரூட்டரால் செய்ய வேண்டிய அந்த வேலையை இவர் உளியால் செய்திருந்தார். குழியின் ஓரம் எலி கடித்த தேங்காய்போல் இருந்தது. பழைய ஆறு துளைகளில் இரண்டு, விளிம்பில் பாதி அறுபட்டுத் தெரிந்தன. அதிகமாக வெட்டுப்பட்ட இடத்தில் காருக்குப் பூசும் பட்டியை அப்பி, மேலே பழுப்பு மார்க்கரால் தீட்டியிருந்தார். நகத்தால் சுரண்டினேன், சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்தது. நெக்கைப் பிடித்து ஒரு சி கார்டு வைத்தபோது, கட்டைவிரல் படியும் இடத்தில் இரண்டு திருகாணித் தலைகள் உறுத்தின. பூட்டு நட்டை இறுக்குவதற்காகப் பின்னாலிருந்து நெக்கைத் துளைத்து ஏற்றியவை அவை.

பிரிட்ஜ் பக்கத்தில் ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குப் பதிலாக ஒரு ஹம்பக்கர் இருந்தது. அதை நுழைக்க, உடலின் முகப்பை மூடும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைச் சூடான கத்தியால் அறுத்திருந்தார். 1950-களின் நடுவில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின் இரைச்சலை அடக்குகிறது என்பது உண்மை. இரைச்சலை நிறுத்தச் சொன்னதும் நான்தான். ஆயினும் இத்தகைய இரைச்சலுக்கு முதலில் சோதிக்க வேண்டியது எர்த் இணைப்பு. அடுத்து உட்குழியில் செப்புத் தாள் ஒட்டலாம். இரண்டுக்கும் மரத்தில் ஒரு கீறல்கூடத் தேவையில்லை.

“யார் இதெல்லாம் செய்யச் சொன்னது?” என்று கேட்டேன். “நீங்கதானே தம்பி, பார்த்துச் செய்யச் சொன்னீங்க?” என்றார். அவர் முகத்தில் கேலி துளியும் இல்லை. அதுதான் என்னை வாயடைக்கச் செய்தது. தொடர்ந்து பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரை இழுத்தார். கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டும் 1969-ஆம் ஆண்டுக் கிட்டார்தான், அதிலும் குடைந்து ‘காலர்’ என்ற நிறுவனத்தின் பிரிட்ஜை ஏற்றினார்கள், அது கிறிஸ்டீஸ் ஏலத்தில் எத்தனை மில்லியனுக்குப் போனது தெரியுமா என்றார். தெரியும், 2019 ஜூன் மாதம் நியூயார்க்கில் 3.975 மில்லியன் டாலருக்குப் போனது. அந்தக் காலர் பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, குடைந்த குழியை மரம் வைத்து அடைத்து, பழைய மாதிரி பிரிட்ஜையே திரும்பப் பொருத்தினார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. தவிர, கில்மோர் வெட்டச் சொன்னது தம்முடைய கிட்டாரை.

கழற்றிய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்கு, “துருப்பிடிச்ச சாமான், தூக்கிப் போட்டாச்சு” என்றார். கூலி 650 என்பது 1,450 ரிங்கிட் ஆகியிருந்தது. கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வர மனமில்லாமல் கொடுத்துத் தொலைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு வீட்டில் உற்றுப் பார்த்தபோதுதான் மற்ற இரண்டு பிக்கப்புகளும் மாமாவுடையவை அல்ல என்று தெரிந்தது. அந்தக் காலத்து ஸ்ட்ராட் பிக்கப்பில் ஆறு காந்தத் தண்டுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. மூன்றாவது தந்தி, மேலே கம்பி சுற்றிய சுற்றுத் தந்தியாக இருந்த நாளில் வகுத்த ஏற்ற இறக்கம் அது. என் கிட்டாரில் இருந்தவை மட்டம் பிடித்ததுபோல் சமமாக நின்றன. பதினொரு திருகாணிகளையும் கழற்றிப் பிக்கார்டைத் தூக்கினேன். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற மின்பாகங்களும் புதியவை. ஹம்பக்கராவது விகாரமாய்க் கண்ணில் படுகிறது; இந்த இரண்டும் யாருடைய கண்ணிலும் படாமல் நடந்த மாற்றம். எதற்காக இத்தனை வெட்டு என்ற கேள்விக்கு அப்போது பாதி விடை கிடைத்தது. மீதி விடை மூன்று வாரம் கழித்து இணைய விற்பனைப் பக்கம் ஒன்றில் கிடைத்தது. ‘1969 அசல் பிக்கப், வயரிங்கோடு, 4,800 ரிங்கிட்’. நான்காவது படத்தில், நடுப் பிக்கப் மூடியின் மூலையில் அந்த இளஞ்சிவப்புக் கறை.

அதன்பிறகுதான் இந்த வியாபாரத்தின் கணக்கு எனக்குப் புரிந்தது. பழைய கிட்டாரின் விலை மரத்தில் மட்டும் இல்லை. பிக்கப், பாட், பிரிட்ஜ், சுருதி சேர்க்கும் சாவி என்று ஒவ்வொன்றுக்கும் தனியே வாங்குவோர் இருக்கிறார்கள். அவற்றைச் சும்மா மாற்றினால் திருட்டு என்று தெரிந்துவிடும். பெரிதாக ஒன்றை வெட்டி ஒட்டி ‘அப்கிரேடு’ என்று பெயர் வைத்துவிட்டால், வாடிக்கையாளர் அந்த அலங்கோலத்தைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார். கழன்ற பாகங்களைப் பற்றிக் கேட்கமாட்டார். எழுபது எண்பதுகளில் இக்கிட்டார்களை வெட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அன்று அவை பழைய சாமான் மட்டுமே. இன்று அதே வெட்டை வெட்டுபவருக்கு விலை தெரியாது என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தூசி தட்டுவதற்காகப் பிக்கார்டைக் கழற்றியபோது, ஏனென்று தெரியாமல் கைப்பேசியில் நான் எடுத்துவைத்த ஐந்து படங்கள்தாம் என்னைக் காப்பாற்றின. பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய 5 ரிங்கிட்தான் கட்டணம்; 50,000 ரிங்கிட் வரை கோரலாம்; விவகாரம் எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும்; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பதால் நாமே பேச வேண்டும். முதல் விசாரணையில் கடைக்காரர் என் படத்தையே என்மேல் திருப்பினார். பாட்டின் முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருக்கிறது, அடுத்து வருவது 66, ஆகவே இவை 1966-ஆம் ஆண்டுப் பாகங்கள், இக்கிட்டார் முன்பே கைவைக்கப்பட்டது என்றார். 137 என்பது பாட் தயாரித்த சி.டி.எஸ். நிறுவனத்தின் குறியீடு, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு என்பது சரிதான். ஆனால் ஃபெண்டர் 1966-இல் பெருந்தொகையாகப் பாட் வாங்கிக் குவித்து, அந்தச் சரக்கையே 1969 வரையிலும்கூடப் பொருத்தி வந்தது, பழைய கிட்டார் வாங்கி விற்கும் எவருக்கும் தெரிந்த செய்தி. அதை எழுதிக் கொடுத்தேன். குங்குமக் கறை படிந்த மூடியின் இரு படங்களையும் அருகருகே வைத்தேன். அடுத்த தவணைக்கு அவர் மூன்று பிக்கப்புகளையும் பாட்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

எனவே கொடுப்பதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுங்கள், பாட்டின் எண் தெரியும்படி. என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதோடு, ‘மரத்தில் வெட்டோ துளையோ கூடாது, கழற்றும் ஒவ்வொரு பாகமும் திரும்ப வர வேண்டும்’ என்ற ஒரு வரியையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவரிடம் ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கூலி அதிகமென்றால் அதிகம் என்றே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கோலாலம்பூரில் இத்தொழிலை ஒழுங்காகச் செய்யும் ஒருவரிடம் உடலைக் காட்டினேன். பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே ஆல்டர் மரத்தில் துண்டு செதுக்கி ஒட்டலாம். பிக்கார்டும் பிரிட்ஜும் மூடிவிடுவதால் வெளியே அதிகம் தெரியாது. நெக்கிலும் விளக்குக்குப் போட்ட இடத்திலும் உள்ள துளைகளை மறைக்க வழியில்லை என்றார். பிரிட்ஜ் கிடைத்தபின் தொடங்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

பிரிட்ஜ் இன்னும் வரவில்லை. யாருக்கோ விற்றுவிட்டதாகவும் ஆள் நினைவில்லை என்றும் தீர்ப்பாயத்தில் சொல்லியிருக்கிறார். எஃகுத் தகடு, அடியில் கனத்த எஃகுக் கட்டை, ‘ஃபெண்டர் பேட். பெண்ட்.’ என்று ஆங்கிலத்தில் பொறித்த, தந்திகள் உட்காரும் ஆறு வளைதகட்டுச் சேடில்கள். மூன்றாவது சேடிலில் ஒரு திருகாணி மட்டும் மாமா மாற்றியது, பித்தளை. இப்படி ஒன்றை யாராவது உங்களிடம் விற்பனைக்குக் கொண்டுவந்தால், விலை பேசுவதற்கு முன் ஆறாவது திருகாணித் துளையின் ஓரத்தில் குங்குமம் இருக்கிறதா என்று பாருங்கள்.